நாசிலை மாத்துறதுக்கு முன்னாடி குழாயைப் பாருங்க

நம்ம பக்கத்து ஆயில் இஞ்சினுக்கு வருசத்தில் ஓடும் நாளைவிடச் சும்மா நிற்கும் நாள்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காக இறங்கி, கண்மாய் பாதியாவது பெருகினால்தான் அதற்கு வேலை. மடை வழியாகத் தண்ணீர் தானாக ஏறாத அளவுக்குக் கண்மாய் இறங்கியதும், மிளகாய்க்கும் மல்லிக்கும் மேட்டு நெல்லுக்கும் கடைசியாக ஒரு தண்ணி, இரண்டு தண்ணி கொடுத்துக் கரையேற்ற இஞ்சினைச் சின்ன வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். ஹேண்டிலைப் போட்டு நாலு பேர் மாறி மாறிச் சுற்றுவார்கள். கருப்பாகவோ வெள்ளையாகவோ புகை வரும், இஞ்சின் வராது. வந்தாலும் தட்டும். பிறகு அருப்புக்கோட்டைக்கோ நரிக்குடிக்கோ ஒரு நடை.

ஒர்க்ஷாப் வாசலில் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, போன வருசந்தான நாசில் மாத்துனோம்?"

"மாத்துனோம்ல. இப்ப எலிமென்ட்டும் போச்சு."

அந்த எலிமென்ட்டும் நாசிலும் புதுசாகப் போடப்படும். அவற்றை அரித்துத் தின்ற டேங்கு, ஃபில்ட்டர், ரப்பர் டியூப், வளைந்த பைப் எல்லாம் பழையபடியே மாட்டப்படும். அடுத்த வருசமும் அதே வாசல். இந்தப் பதிவு அந்தக் குழாய்களைப் பற்றியது. டேங்கில் கிளம்பி நாசில் நுனி வரைக்கும் டீசல் எந்த வழியாக, எந்த உயரத்தில், எத்தனை வளைவில் போகிறது என்பதுதான் உதிரிபாகத்தின் ஆயுளை முடிவு செய்கிறது. பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில், எதைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எலிமென்ட் என்று நாம் சொல்வது ஒரு சின்ன எஃகுத் தண்டும், அது சரியாக நுழையும் கூடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான். நம் தலைமுடி அறுபது எழுபது மைக்ரான் தடிமன் இருக்கும். அங்கே ரப்பர் வளையம் கிடையாது, பேக்கிங் கிடையாது. ஐந்து குதிரைச் சக்தி இஞ்சினில் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் வாக்கில். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துவது அந்த இடைவெளியின் சிறுமை மட்டும்தான். தண்டையும் கூட்டையும் ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்திருப்பார்கள். ஒன்றை மட்டும் தனியாக மாற்ற முடியாது. நாசிலும் அப்படியே, உள்ளே ஊசியும் வெளியே உடலும் ஒரு ஜோடி.

அந்த இடத்துக்கு இஞ்சின் ஆயில் போகாது என்பது பலர் கவனிக்காத விஷயம். தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே வழுவழுப்புக் கொடுப்பது டீசலேதான். எரிகிற எண்ணெயும் அதுதான், காக்கிற எண்ணெயும் அதுதான். எனவே டீசலோடு மண் வந்தால் தேயும், தண்ணீர் வந்தால் துருவும், காற்று வந்தால் வறண்டுபோய் உரசும். மூன்றும் குழாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இந்த எலிமென்ட் உட்கார்ந்திருக்கும் டீசல் பம்ப்பை ராபர்ட் போஷ் கம்பெனி 1927-ல் தொடர் உற்பத்தியாகச் செய்ய ஆரம்பித்தது. அதற்கு முன்பு பெரிய டீசல் இஞ்சின்களில் அழுத்தக் காற்றை வைத்து எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளினார்கள். அதற்கென்று ஒரு கம்ப்ரசர் கூடவே இருக்கும். போஷ் பம்ப் வந்த பிறகுதான் டீசல் இஞ்சின் லாரிக்குள்ளும் டிராக்டருக்குள்ளும் பரவலாக அடங்கியது. நம் நாட்டில் அதைச் செய்த மைக்கோ கம்பெனி 1951-ல் தொடங்கியது. 2008-ல் கம்பெனி பேரையே போஷ் என்று மாற்றிவிட்டார்கள். நம்ம மெக்கானிக்குகளுக்கு அது இன்னமும் மைக்கோ பம்ப்தான், மாறப் போவதும் இல்லை.

சரி, டேங்கில் இருந்து வருவோம்.

ஒற்றை சிலிண்டர் பம்ப்செட் இஞ்சினில் டேங்கு மேலே இருக்கும், டீசல் தன் எடையாலேயே ஃபில்ட்டருக்கு இறங்கும். ஃபீடு பம்ப் எதுவும் கிடையாது. ஒரு அடி உயரத்தில் இருந்து இறங்கும் டீசல் கொடுக்கும் அழுத்தம் ஒரு பாரில் நாற்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு மெல்லிய தள்ளுதலில்தான் முழுப் பம்ப்பும் நிரம்ப வேண்டும். பாதி அடைத்த ஃபில்ட்டர், மடங்கிப்போன டியூப், அடைத்த மூடித் துளை என்று ஏதாவது ஒன்று போதும், எலிமென்ட் கூடு முழுசாக நிரம்பாமல் போவதற்கு. நிரம்பாத கூட்டில் ஆவிக் குமிழ் உண்டாகும். தண்டு மேலே ஏறும்போது அந்தக் குமிழ் நொறுங்கும், நொறுங்கும் இடத்தில் எஃகில் சின்னச் சின்னக் குழி விழும். பழைய எலிமென்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெடுக்காகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் மண். துளை ஓரத்தில் அரித்த மாதிரி இருந்தால் இந்தக் குமிழ் வேலை. செம்பழுப்புக் கறை இருந்தால் தண்ணீர். கழற்றின சாமானைக் குப்பையில் போடும் முன் ஒரு நிமிடம் பார்த்தால், எந்தக் குழாயைத் திருத்துவது என்று அதுவே சொல்லிவிடும்.

டேங்கின் வெளிவழி அடித்தளத்தோடு ஒட்டி இருக்கக் கூடாது. ஒரு விரல் உயரமாவது உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடியில் தேங்கும் தண்ணீரும் வண்டலும் அந்த விரல் உயரத்துக்குள் கிடக்கும். கிடப்பதை வெளியே எடுக்க, டேங்கின் மிகத் தாழ்ந்த மூலையில் தனியாக ஒரு வடிகால் திருகு வேண்டும். கம்பெனி டேங்கில் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல், டேங்கு ஓட்டையான பிறகு வருவது. ஓட்டை டேங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஐந்து லிட்டர் கேனைக் கருவேலங் கிளையில் தொங்கவிட்டு, அடியில் துளை போட்டு டியூப் சொருகியிருப்பார்கள். அடிமண் முழுக்க நேராக ஃபில்ட்டருக்கு. மூடியைத் திறந்தே வைத்திருப்பதால் மேலே இருந்தும் தூசி. கேனைத் தொங்கவிடுவதை நான் கேலி செய்ய மாட்டேன். கூடுதல் உயரம் கிடைப்பதால் ஓட்டத்துக்கு அது நல்லதுகூட. டியூபைக் கேனின் பக்கவாட்டில், அடியில் இருந்து இரண்டு விரல் மேலே வைத்து எடுத்து, மூடியில் ஊசித்துளை போட்டுத் துணி கட்டினாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

பங்க்கில் கேனில் வாங்கி வரும் டீசலை உடனே ஊற்ற வேண்டாம். இதற்குக் கணக்கே இருக்கிறது. பத்து மைக்ரான் மணல் துகள், நம்ம ஊர் வெயிலில் இருக்கும் டீசலில், மணிக்குப் பன்னிரண்டு செ.மீ. வாக்கில் கீழே இறங்கும். ஐந்து மைக்ரான் துகள் அதில் கால்வாசி வேகம்தான், மூன்று செ.மீ. அளவு பாதியானால் வேகம் கால் ஆகும் என்பது விதி. ஆக, ஓர் அடி உயரக் கேனை ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்தால் ஐந்து மைக்ரானுக்கு மேற்பட்டதெல்லாம் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். காலையில் சாய்க்காமல், மேல்பகுதியை மட்டும் டியூப் போட்டு இழுத்து ஊற்றி, கடைசி இரண்டு விரல் டீசலைக் கேனிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டு மைக்ரான் துகள்கள் மட்டும் இப்படிப் போகாது. அவை இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அவற்றுக்குத்தான் ஃபில்ட்டர்.

மண் என்றால் எல்லா மண்ணும் ஒன்றல்ல. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்களில் ஃபில்ட்டர் சீக்கிரம் அடைக்கும், அதனால் இழுவை குறையும். ஆனால் சுண்ணாம்புக்கல் தூசி மெத்தென்றது, கடினமான எஃகை அது கீறாது. திருச்சுழியில் குண்டாற்று மணலோ, கிரஷர் பக்கத்து ஜல்லித் தூசியோ அப்படியில்லை. அதில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், பதப்படுத்திய எலிமென்ட் எஃகைவிடக் கடினம். ஃபில்ட்டரே அடைக்காமல், வண்டி நன்றாக ஓடிக்கொண்டே, உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். அடைப்பு சத்தம் போட்டு எச்சரிக்கை கொடுக்கும், தேய்மானம் கொடுக்காது. ஆற்றங்கரையில் ஓடும் வண்டிக்கு ஃபில்ட்டரை அடைத்தால் மாற்றுவது என்ற கணக்கு உதவாது என்பது இதனால்தான்.

இப்போது டிராக்டருக்கு வருகிறேன். இங்கே டேங்கு தள்ளி இருக்கும், ஃபீடு பம்ப் இழுத்துக் கொடுக்கும். இழுக்கும் பக்கம், தள்ளும் பக்கம் என்று குழாய் இரண்டாகப் பிரிகிறது. இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் ஒழுகவே ஒழுகாத டிராக்டரும் ஏர் பிடித்து நிற்கிறது. டிரைவர் ஒழுகலைத் தேடிக்கொண்டிருப்பார். தேட வேண்டியது ஒழுகாத இடத்தை. செப்பு வாஷரை மறுபடி மறுபடி பயன்படுத்தியிருப்பார்கள், பேஞ்சோ போல்ட்டில் மயிரிழைக் கீறல் இருக்கும், வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸின் மேல் கிளிப் இறுக்கியிருப்பார்கள்.

இதைவிட மோசமானது குழாயின் மேடு. ஹோஸ் நீளமாக வாங்கிவிட்டு, வெட்ட மனசில்லாமல், வளைத்துத் தூக்கி ஏதோ ஒரு கம்பியில் கட்டியிருப்பார்கள். அந்த வளைவின் உச்சியில் காற்றுக் குமிழ் போய் உட்காரும். சமதளத்தில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. உழவில் வரப்பேறி இறங்கும்போது குமிழ் நகர்ந்து பம்ப்புக்குள் போகும், இஞ்சின் ஒரு தடவை இருமும், மறுபடி சரியாகும். டிரைவர் பழகிவிடுவார். ஒவ்வொரு இருமலுக்கும் பம்ப்புக்குள்ளே சில நொடிகள் எஃகும் எஃகும் உரசியிருக்கும். சரியான அமைப்பு என்பது, டேங்கில் இருந்து ஃபில்ட்டர் தலை வரைக்கும் குழாய் ஏறுமுகமாகவே போவது, நடுவில் எங்கும் ஏறி இறங்காமல் இருப்பது, உச்சியில் காற்று வெளியேற்றும் திருகு இருப்பது. காற்று தானாக மேலே ஏறும். அது போய்ச் சேரும் இடத்தில் கதவு வைத்தால் போதும். தண்ணீருக்கு நேர் எதிர்: இழுக்கும் பக்கத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தோடு வாட்டர் செபரேட்டர்.

ஃபில்ட்டரை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. டீசல் சுத்தமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில், நுண்ணிய ஃபில்ட்டர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி டேங்குக்கும் ஃபீடு பம்ப்புக்கும் நடுவில் மாட்டிவிடுகிறார்கள். அது அடைக்க அடைக்க ஃபீடு பம்ப் வெற்றிடத்தை இழுக்கும். டீசலில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து குமிழாக வெளியே வரும். இழுக்கும் பக்கத்துக்குக் கண் பெரிய சல்லடை மட்டும் போதும். நுண்ணியது எப்போதும் தள்ளும் பக்கத்தில். அங்கே பின்னால் இருந்து அழுத்தம் இருக்கிறது, அடைத்தாலும் குமிழ் வராது.

எந்த வகைப் பம்ப் என்பதும் முக்கியம். வரிசைப் பம்ப்பில் கேம் இருக்கும் கீழ்ப்பகுதி தனி ஆயிலில் குளிக்கும், எலிமென்ட் மட்டும் டீசலை நம்பி இருக்கும். ரோட்டரி பம்ப்பில் முழுசும் டீசலை நம்பித்தான். ஏர் பிடித்த வண்டியை செல்ஃப் அடித்து அடித்தே கிளப்பும் பழக்கம் வரிசைப் பம்ப் வண்டியில் ஓரளவு மன்னிக்கப்படும். ரோட்டரியில் அது நேராகப் பம்ப்பை அறுக்கும். கைப்பம்ப்பால் இரண்டு நிமிடம் பிரைமிங் அடிப்பதற்கு என்ன சோம்பலோ.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஹை பிரஷர் பைப். ஆறு மி.மீ. தடிமனில், உள்ளே இரண்டு மி.மீ.க்கும் குறைந்த துளையோடு, பம்ப்பில் இருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் அந்த எஃகுக் கம்பி மாதிரியான குழாய். நாலு சிலிண்டர் லாரியில் கவனித்துப் பாருங்கள். கிட்ட இருக்கும் சிலிண்டருக்குப் போகும் பைப் தேவையே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, நெளிந்து போகும். தூரத்தில் இருப்பதற்கு நேராகப் போகும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வளைத்ததல்ல அது. எல்லாப் பைப்பும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதற்காக.

பம்ப்பில் எலிமென்ட் தள்ளியதும் நாசிலில் அதே கணம் டீசல் வந்துவிடாது. அழுத்தம் ஓர் அலையாகக் குழாய்க்குள் ஓடும், நொடிக்கு 1,350 மீட்டர் வாக்கில். அறுபது செ.மீ. பைப்பைக் கடக்க ஒரு மில்லி நொடியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அது ஒன்றுமில்லாத நேரம் போலத் தெரியும். ஆனால் 1,500 சுற்று ஓடும் இஞ்சினில் ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் ஒன்பது டிகிரி திரும்பிவிடும். பைப்பின் நீளத்தால் மட்டும் நாலு டிகிரி தாமதம். கம்பெனிக்காரன் இதைக் கணக்கில் எடுத்துத்தான் டைமிங் வைத்திருப்பான். ஒரு பைப் உடைந்து, கடையில் கிடைத்த இருபது செ.மீ. அதிகமான பைப்பை அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் போட்டால், 2,200 சுற்றில் அது மட்டும் இரண்டு டிகிரி பிந்தும். மற்ற சிலிண்டர்கள் சரியாக எரியும்போது இது மட்டும் பின்னால் எரிந்து, புகையும் சூடும் கொடுக்கும். மெக்கானிக் அந்த நாசிலைத்தான் சந்தேகப்படுவார். மாற்றினாலும் புகை நிற்காது.

அலை போய் நாசிலில் முட்டித் திரும்பியும் வரும். கிணற்று மோட்டாரை நிறுத்தியதும் நீளக் குழாயில் தண்ணீர் திரும்பி 'டம்' என்று அடிக்குமே, அதேதான் இங்கே மில்லி நொடிகளில் நடக்கிறது. திரும்பிய அலை பம்ப்பில் முட்டி மறுபடி நாசிலுக்கு வரும்போது பலமாக இருந்தால், மூடிய ஊசியை இன்னொரு தடவை லேசாகத் தூக்கிவிடும். வேண்டாத நேரத்தில் கொஞ்சம் டீசல் சொட்டும். அது எரியாது. நாசில் நுனியில் கரியாகப் படியும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவும், ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி இஞ்சின் ஆயிலை நீர்க்க வைக்கும். ரிங் தேய்மானம், லைனர் தேய்மானம் எல்லாம் இங்கே தொடங்குகிறது. ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதென்றால் சந்தோஷப்படாதீர்கள்.

இதைத் தடுக்கத்தான் பம்ப் தலையில் டெலிவரி வால்வு இருக்கிறது. மூடும்போது அது கொஞ்சம் டீசலைப் பின்னுக்கு இழுத்து, குழாயின் அழுத்தத்தைத் தணிக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது குழாயின் உள்ளளவையும் நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டது. துளை பெரிய பைப்பை மாட்டினால் தணிவு போதாது, சொட்டும். துளை சிறியதை மாட்டினால் அதிகமாகத் தணிந்து குழாய்க்குள்ளேயே குமிழ் உண்டாகி, பைப்பின் உட்சுவரை அரிக்கும். அரித்த எஃகுத் தூள் எங்கே போகும்? ஃபில்ட்டரைத் தாண்டியாகிவிட்டது, நாசிலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. வெளியே பார்த்தால் எல்லாம் ஆறு மி.மீ. பைப்தான். உள்ளே எத்தனை என்று கேட்டு வாங்குபவர் குறைவு.

இந்த நீளச் சிக்கலுக்கு இஞ்சின் செய்பவர்கள் கண்ட வழி, குழாயையே சுருக்குவது. விருதுநகர்–மானாமதுரை ரயில் தடம் 2013-ல் அகலப்பாதையாகி, அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் தாண்டி டீசல் வண்டி ஓடிய காலத்தில், ஆல்கோ வகை இஞ்சினை வேடிக்கை பார்த்தவர்கள் இருப்பீர்கள். பொன்மலை ஷெட்டில் பல காலம் வளர்த்த ரகம் அது. பதினாறு சிலிண்டர். அதற்கு ஒரே பெரிய பம்ப் வைத்தால் கடைசிச் சிலிண்டருக்குக் குழாய் எத்தனை அடி போக வேண்டும்? அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பக்கத்திலேயே தனித்தனிப் பம்ப், பதினாறு பம்ப், ஒவ்வொன்றில் இருந்தும் குட்டையாக ஒரு பைப். பின்னால் வந்த ஈஎம்டி வகை இஞ்சினில் அந்தக் குட்டைப் பைப்பும் போய்விட்டது. பம்ப்பும் நாசிலும் ஒரே உடலாகச் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்கும். 1997-ல் காருக்குள் வந்த காமன் ரெயில் வேறு பாதை பிடித்தது. அழுத்தத்தை ஒரு தடித்த குழாயில் முன்கூட்டியே சேர்த்து வைத்துவிட்டு, திறக்கும் நேரத்தை மட்டும் மின்சாரத்தால் தீர்மானிப்பது. பைப் நீளத்தின் பிடி அதில் வெகுவாகத் தளர்ந்தது. விலையாக, 200 பார் இருந்த இடத்தில் 1,600, 2,000 பார் வந்து உட்கார்ந்தது. மண்ணையும் தண்ணீரையும் பொறுக்கும் சக்தி அந்த அளவுக்கு இறங்கியது.

பைப்பை மாட்டும் விதம் பற்றி ஒரு வார்த்தை. நேராக வந்து உட்காராத பைப்பை நட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்கக் கூடாது. ஸ்பேனர் இறுகிவிடும், ஒழுகாது, எல்லாம் சரி போலத் தெரியும். அந்த இழுப்பு பைப்பின் கூம்பு முனையிலேயே தங்கியிருந்து, இஞ்சினின் அதிர்வோடு சேர்ந்து சில மாதங்களில் கழுத்தை அறுக்கும். இரண்டு நட்டையும் கையால் பாதி திருகி, பைப் தானாக உட்கார்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனர். கிளாம்ப்புக்கு உள்ளே ரப்பர் இருக்க வேண்டும். தேய்ந்த ரப்பருக்குப் பதிலாக சைக்கிள் டியூப் துண்டு சுற்றினால் பரவாயில்லை, கட்டுக்கம்பி கட்டினால் அதுவே பைப்பை அறுக்கும். ஒரு பைப்பின் ஒரு கிளாம்ப்பை இஞ்சினிலும் இன்னொன்றைச் சேசிஸிலும் போடக் கூடாது. இஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் ஆடும், சேசிஸ் ஆடாது. அந்த இரண்டுக்கும் நடுவே ஹோஸ்தான் வேண்டும்.

குழாய் எந்த உலோகம் என்பதிலும் நம்ம ஆட்கள் தாராளம். செப்புக் குழாய் வளைக்க எளிது, துரு ஏறாது. ஆனால் செப்பு பட்ட டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசினாகும். சில மாதம் சும்மா நிற்கும் இஞ்சினுக்கு அது ஆகாது. ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு டீசலில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒன்றாகி, நாசில் துளையில் போய்ப் படியும். ஜிஐ தகட்டில் டேங்கு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதா எஃகும், டீசலுக்கென்று விற்கும் ஹோஸும் போதும்.

ரிட்டர்ன் லைனை யாரும் மதிப்பதே இல்லை. நாசிலில் கசிவதும் பம்ப்பில் மிஞ்சுவதும் அதன் வழியாகத்தான் டேங்குக்குத் திரும்பும். காற்றையும் சூட்டையும் சுமந்துகொண்டு திரும்பும். அதை டேங்கின் மேலே இருந்து சொட்டவிட்டால் நுரைக்கும். இழுக்கும் வாய்க்குப் பக்கத்திலேயே விட்டால் அந்த நுரையும் சூடும் மறுபடி உள்ளே போகும். டேங்கின் எதிர்ப்பக்கத்தில், டீசல் மட்டத்துக்குள் முங்கும்படி விட வேண்டும். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் இது பெரிய விஷயம். சூடு ஏற ஏற டீசல் நீர்க்கும், நீர்த்த டீசல் இரண்டு மைக்ரான் இடைவெளியில் படலமாக நிற்காது. காமன் ரெயில் வண்டியில் இது இன்னும் கூர்மை. ஆயிரம் பார் அழுத்தம் சட்டென்று இறங்கும்போது டீசலின் சூடு ஏறக்குறைய நாற்பது டிகிரி ஏறும். டேங்கில் எப்போதும் கால்வாசி டீசலோடு ஓட்டுகிறவர், அதே கொஞ்ச டீசலைத்தான் சுற்றிச் சுற்றிக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

"அந்தக் காலத்து டீசலில் இப்படியெல்லாம் இல்லையே" என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நம் டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை இருக்கலாம், அதாவது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு வெறும் பத்து. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் கூடவே போய்விடுகிறது. ஸ்வீடனில் 1990-களின் தொடக்கத்தில் கந்தகம் குறைத்த டீசலைக் கொண்டுவந்தபோது ரோட்டரி பம்ப்புகள் வரிசையாகத் தேய்ந்து போயின. அதற்குப் பிறகுதான் வழுவழுப்பை அளக்கும் சோதனையும், அதற்கான மருந்தை ரிஃபைனரியிலேயே கலப்பதும் வழக்கமாயின. இன்று பங்க்கில் வரும் டீசலில் அது கலந்துதான் வருகிறது. மண்ணெண்ணெயைக் கலந்தால் அந்தக் கணக்கு கெடும். நீல மண்ணெண்ணெய் ரேஷனில் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அதைக் கலந்து ஓட்டாத இஞ்சின் குறைவு. அந்த இஞ்சின்களின் பம்ப் ரிப்பேர் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர் அதைவிடக் குறைவு.

கடைசியாக, சும்மா நிற்கும் மாதங்கள். கண்மாய் வற்றி இஞ்சினைத் தொழுவத்தில் ஏற்றும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டேங்கின் வடிகால் திருகைத் திறந்து அடித் தண்ணீரையும் வண்டலையும் இறக்க வேண்டும். ஃபில்ட்டர் கிண்ணத்தையும் அப்படியே. புது ஃபில்ட்டர் போடுவதென்றால் இந்த நாளில் போடுவதுதான் நல்லது. அடுத்த தையில் போட்டால், அதுவரைக்கும் பழைய ஃபில்ட்டரில் ஊறிய தண்ணீரும் அமிலமும் பம்ப்போடு உட்கார்ந்திருக்கும். பிறகு சுத்தமான டீசலை டேங்கின் கழுத்து வரை ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். பாதி டேங்கு என்றால் மீதிப் பாதியில் காற்று. ராத்திரி குளிரில் அந்தக் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து அடியில் சேரும். மாதம் ஒரு தடவை டிகம்ப்ரசன் லிவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலால் இருபது சுற்றுச் சுற்றிவிட்டால் எலிமென்ட் ஒரே இடத்தில் ஒட்டாது. கழற்றி வைத்த பைப் எதுவாக இருந்தாலும் இரண்டு முனையிலும் மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் சுத்தமான பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். துணி வேண்டாம், அதன் நூல் நாசிலுக்குப் போகும். தொழுவத்தில் திறந்து கிடக்கும் பைப்பில் குளவி மண்கூடு கட்டிவிடும். அதை ஊதி எடுத்தாலும் உள்ளே ஒட்டிய மண் ஃபில்ட்டருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 முதல் கடுமையான மாசு விதி வந்துவிட்டதால் அவற்றில் பெரும்பாலும் காமன் ரெயில்தான். அதன் ஹை பிரஷர் பைப்பை ஒரு தடவை கழற்றினால் மறுபடி மாட்டாமல் புதுசே போடச் சொல்லும் கம்பெனிகள் பல. ஏர் எடுக்க நாசில் நட்டைத் தளர்த்தும் நம்ம பழைய கைவேலை அங்கே செல்லாது. 1,600 பார் டீசல் ஊசிபோலப் பீய்ச்சித் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டி வரலாம். அதில் இழுக்கும் பக்கம் வரைதான் நம்ம ஸ்பேனர். அந்தப் பக்கத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் மிச்சத்தைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.